டாட்டி பந்தை விட்டாளா?

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே கேள்விதான். பல் தேய்க்கும்போதும் அதுதான், காரின் பின்சீட்டிலும் அதுதான். சட்னியை யார் அதிகம் ஊற்றிக்கொண்டார்கள் என்று ஆரம்பிக்கிற சண்டையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. டாட்டி பந்தை வேண்டுமென்றே விட்டாளா, கை நழுவி விழுந்ததா? பெரியவளுக்கு 13 வயது, சின்னவளுக்கு 9. வேண்டுமென்றே விட்டாள் என்பது பெரியவளின் கட்சி. அதைக் கேட்டாலே சின்னவளுக்குக் கண் கலங்கிவிடும். டாட்டி எங்கள் சொந்தக்காரியோ பக்கத்து வீட்டுக்காரியோ இல்லை. 1992இல் வந்த ஒரு பேஸ்பால் படத்தில் வருகிற அக்கா.

எல்லாவற்றுக்கும் காரணம் மழை. நியூஜெர்சியில் ஏப்ரல் மழை சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் வரும். பெரியவள் எங்கள் ஊர் லீகில் சாப்ட்பால் ஆடுகிறாள், பேஸ்பாலுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு ஆட்டம். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து ஆட்டம் ரத்து. யூனிஃபார்மைக் கழற்றாமல் ஜன்னலோரம் உம்மென்று உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் பொறுக்காமல், என் கணவர் ஆபீஸில் விசாரித்து ஒரு பட்டியல் வாங்கி வந்தார். குடும்பத்தோடு பார்க்கக்கூடிய பேஸ்பால் படங்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பூர்வீகச் சொத்து மாதிரி. பொங்கலன்று டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டால், வசனம் மனப்பாடமாகத் தெரிந்தாலும் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைப்போமே, அப்படி.

என் பேஸ்பால் அறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேப் ரூத் இவர்களுக்குப் பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம், ஆனால் இங்கே வந்த புதிதில் அவர் பெயரைச் சாக்லேட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேபி ரூத் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு சாக்லேட் இருக்கிறது, ஆகவே தப்பு முழுக்க என்னுடையது இல்லை.

நாயும் சோளக்காடும்

முதல் சனிக்கிழமை 'தி சாண்ட்லாட்'. 1962ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையைப் பற்றி 1993இல் எடுத்த படம். புது ஊருக்கு வந்து சேர்ந்த ஸ்மால்ஸ் என்ற பையனுக்குப் பந்து எறியவும் தெரியாது, பிடிக்கவும் தெரியாது. காலிமனையில் ஆடும் பையன்கள் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் பந்து இல்லாமல் போக, மாற்றாந்தந்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பந்தை அவன் எடுத்து வருகிறான். அதில் பேப் ரூத்தின் கையெழுத்து. அவனுக்கோ அது யாரோ ஒரு அம்மாவின் பெயர். அந்தப் பந்து வேலி தாண்டி, பூதம் மாதிரி ஒரு நாய் காவல் காக்கும் தோட்டத்துக்குள் போய் விழுகிறது. மிச்சப் படமெல்லாம் அதை மீட்கும் முயற்சி. பேப் ரூத் யாரென்றே தெரியாத ஒருவன் கதாநாயகனாக வந்ததில் எனக்கு ஏகப்பட்ட நிம்மதி. சின்னவள் நாய்க்காகவே இரண்டாம் தடவையும் பார்த்தாள்.

குடும்பப் படம்தான், ஆனால் ரிமோட் பெரியவர்கள் கையில் இருப்பது நல்லது. நீச்சல் குளத்தில் ஒரு பையன் மூழ்குவதாக நடித்து, காப்பாற்ற வந்த பெண்ணுக்கு முத்தம் கொடுத்துவிடுகிறான். படம் அதைச் சாகசமாகக் கொண்டாடுகிறது. நான் நிறுத்திவிட்டு ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானேன். "அம்மா, தெரியும்மா, ப்ளே பண்ணு" என்றாள் பெரியவள். எனக்கு அதைவிட உறுத்தியது வேறொன்று. நாயின் சொந்தக்காரர் கண்பார்வை போன ஒரு கறுப்பின முதியவர், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தது. அவரும் பழைய ஆட்டக்காரர்தான். வீட்டில் பேப் ரூத்தோடு நிற்கும் புகைப்படம் வைத்திருக்கிறார். பேப் ரூத் ஆடிய காலத்தில் மேஜர் லீகில், அதாவது இங்கே உச்சத்தில் இருக்கிற தொழில்முறை லீகில், கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது. அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் உள்ளே வந்தது 1947இல். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பழைய நாளை நினைத்து ஏங்கும் படங்களில் இந்த மாதிரி இடங்களைத் துடைத்து மெழுகிவிடுவார்கள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்', 1989. அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி தன் சோளக்காட்டில் நிற்கும்போது ஒரு குரல் கேட்கிறது. நீ கட்டினால் அவன் வருவான் என்று. விளைந்து நிற்கிற சோளத்தை அழித்துவிட்டுப் பேஸ்பால் மைதானம் கட்டுகிறார். வேறு யாராவதாக இருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள். இவர் மனைவி கணக்குப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார். ஒரு ராத்திரி, செத்துப்போன ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் மைதானத்தில் வந்து நிற்கிறார். 1919ஆம் வருஷ உலகத் தொடரில் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாகச் சொல்லி, ஆட்டத்தை விட்டே விலக்கப்பட்ட எட்டுப் பேரில் ஒருவர் அவர். அதே தொடரில் அவருடைய பேட்டிங் சராசரி .375, பேஸ்பாலில் அது பிரமாதமான எண். இதை வைத்துக்கொண்டு இங்கே நூறு வருஷமாக வாதம் நடக்கிறது. நிஜ ஜாக்சன் இடது கையால் அடிப்பவர், படத்தில் ரே லியோட்டா வலது கையால் அடிக்கிறார். கங்குலியை வலது கை ஆட்டக்காரராகக் காட்டினால் சும்மா விடுவோமா என்று என் கணவர் கொதித்தார்.

கொதித்தவர் கடைசிக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் எப்போதோ தூங்கியிருந்தாள், பெரியவள் கையில் போன். படத்தின் முடிவில், இளம் வயது அப்பா மைதானத்தில் வந்து நிற்க, கதாநாயகன் அவரைப் பந்து பிடிக்க வரச் சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி. அந்த வசனத்தில் 'அப்பா' என்ற சொல் முதலில் இல்லையாம். முன்னோட்டமாகப் பார்த்தவர்கள், அவன் அப்பா என்று கூப்பிடவில்லையே என்று குறைப்பட்டதால் பிறகு குரல் சேர்த்தார்கள். மாமனார் இறந்தபோது விமானம் ஓடவில்லை, இவரால் ஊருக்குப் போக முடியவில்லை. அந்த ஒரு சொல் இவரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் தீர்ப்பு இதுதான்: இது நாற்பது தாண்டியவர்களின் படம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம், பிள்ளைகளுக்காகப் பார்க்க முடியாது.

படத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் (இதிலும் அவர்தான்) ஒரு நீண்ட வசனம் பேசுவார். ஜனங்கள் வருவார்கள், ஏன் வருகிறோம் என்று தெரியாமலே பணத்தைக் கொடுப்பார்கள் என்று. சினிமாவுக்காக டையர்ஸ்வில் என்ற சின்ன ஊரில் போட்ட அந்த மைதானத்தைப் பார்க்க இன்றைக்கும் நிஜமாகவே ஆட்கள் போகிறார்கள். 2021 ஆகஸ்டில் அதன் பக்கத்திலேயே சோளத்துக்கு நடுவே தனி மைதானம் கட்டி, மேஜர் லீக் ஆட்டமே நடத்தினார்கள். ஒயிட் சாக்ஸ் 9-8 என்று யாங்கீஸை வென்றது. வசனம் எழுதியவர் வாக்கு பலித்துவிட்டது. படம் எடுத்த வருஷம் வறட்சியில் சோளம் வளராமல் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த தகவல். ஏக்கத்துக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

அக்காவும் தங்கையும்

மூன்றாவது வாரம் 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்'. பென்னி மார்ஷல் இயக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆட்டக்காரர்கள் ராணுவத்துக்குப் போய்விட, பெண்களை வைத்து ஆரம்பித்த தொழில்முறை லீகின் கதை. சூயிங்கம் முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் சொந்தக்காரருமான ரிக்லி 1943இல் தொடங்கியது. படத்தில் அவரை மிட்டாய் முதலாளியாக மாற்றிவிட்டார்கள். 1954 வரை நடந்தது, 600க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். வாரச் சம்பளம் 45 முதல் 85 டாலர். அந்தக் காலத்துக்கு நல்ல காசு. ஆனால் குட்டைப் பாவாடையில்தான் ஆட வேண்டும். பாவாடையோடு மண்ணில் சறுக்கினால் தொடை என்ன ஆகும்? படத்தில் ஒரு பெண்ணின் காயத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவள் தன் பேன்ட்டைத் தடவிக்கொண்டாள். ஆட்டம் போதாதென்று, எப்படி உட்காருவது, எப்படி உதட்டுச் சாயம் பூசுவது என்று வகுப்பு வேறு. அது கற்பனை இல்லை, நிஜ லீகிலும் நடந்தது.

டாட்டி, கிட் என்று அக்கா தங்கை. ஓரிகன் மாநிலத்தில் பால் பண்ணை. அக்கா அழகி, கெட்டிக்காரி, அணியின் கேட்சர். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, மொத்த ஆட்டத்தையும் எதிரே பார்த்துக்கொண்டு குந்தியிருப்பவள். தங்கை பந்து வீசுகிறவள், கோபக்காரி. ஆள் பிடிக்க வருகிறவனுக்கு அக்காதான் வேண்டும். அக்காவுக்குப் போக விருப்பமில்லை, கணவன் போர்முனையில் இருக்கிறான். தங்கை கெஞ்சுகிறாள். அவளுக்காக இவள் கிளம்புகிறாள். ஆரம்பத்திலேயே கிட் ஒரு புலம்பல் புலம்புவாள். அப்பா எங்களை அறிமுகப்படுத்தும்போது, இவள் என் மகள் டாட்டி, இவள் இன்னொரு மகள், டாட்டியின் தங்கை என்றுதான் சொல்வார் என்று. சின்னவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் பாதி டீச்சர்களுக்கு இவள் இன்னாருடைய தங்கைதான்.

கடைசி ஆட்டம். தங்கை இப்போது எதிரணியில். போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று அக்கா மேல் கோபத்தோடு போனவள். அவள் அடிக்க வரும்போது டாட்டி தன் பந்துவீச்சாளரிடம் போய், மேலே வேகமாகப் போடு, அவளால் அடிக்கவும் முடியாது, விடவும் மனசு வராது என்று சொல்லிவிட்டு வருகிறாள். தங்கையின் பலவீனம் அக்காவைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு பந்து தவறுகிறது. மூன்றாவதை கிட் அடித்துவிட்டு ஓடுகிறாள். நில் நில் என்று கையைக் காட்டுகிறார்கள், நிற்கவில்லை. கடைசித் தளத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்கிறாள். நம் ரன் அவுட் மாதிரிதான், ஆனால் இங்கே அந்தக் காலத்தில் ஓடி வருகிறவள் கீப்பர் மேலேயே வந்து மோதலாம். மோதுகிறாள். டாட்டி மல்லாந்து விழுகிறாள். கை மண்ணில் விரிகிறது, பந்து உருள்கிறது. தங்கையின் அணிக்கு வெற்றி.

"விட்டுட்டா" என்றாள் பெரியவள், உடனே. "தங்கச்சிக்காக விட்டுட்டா."

அதோடு ஆரம்பித்தது. விட்டிருந்தால் பலவீனத்தை ஏன் சொல்லிக் கொடுத்தாள் என்று சின்னவள். அப்போது ஜெயிக்கத்தான் நினைத்தாள், அடித்த பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது என்று பெரியவள். அவ்வளவு வேகத்தில் இடித்தால் யாரும் பந்தை விடுவார்கள் என்று இவள். எங்கள் கோச் இடித்தாலும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று அவள். நடுவில் கணவர் புகுந்து, 2014இலிருந்து மேஜர் லீகில் அப்படி வழி விலகிப் போய் கேட்சரை இடிக்கக் கூடாது, இன்றைக்கு என்றால் கிட் அவுட்டாகக்கூட ஆகலாம் என்றார். இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். அன்றைக்கு இருவருக்கும் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான். நானும் என் பங்குக்கு, நிஜத்தில் 1943இல் கிட் போய்ச் சேர்ந்த ரசீன் அணி கோப்பையை வாங்கியது டாட்டியின் ராக்ஃபோர்டிடமிருந்து இல்லை, கெனோஷாவிடமிருந்து, அந்த வருஷம் பந்தையே கீழ்க்கையாகத்தான் வீசினார்கள் என்று தேடிப் படித்துச் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியது வரலாறு இல்லை, டாட்டியின் கை.

பாட்டி சொன்னது

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, படத்தை முதலிலிருந்து தனியாகப் போட்டுப் பார்த்தேன். துணி மடிக்கிற சாக்கில்தான். முதல் தடவை கவனிக்காமல் விட்ட ஒரு காட்சி ஆரம்பத்திலேயே இருக்கிறது. டாட்டிக்கு வயதாகிவிட்டது. 1988. கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில் அந்தப் பெண்களைப் பற்றிக் காட்சி வைக்கிறார்கள், அதற்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறாள். வாசலில் இரண்டு பேரன்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். பாட்டி பெரியவனைக் கூப்பிட்டு, தம்பி உன்னைவிடச் சின்னவன், அவனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடு என்கிறாள். அப்புறம் சின்னவனைக் கூப்பிட்டு, அவனைத் தீர்த்துக் கட்டு என்கிறாள்.

மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். வழக்குக்குச் சாட்சி கிடைத்துவிட்டதே! சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்து அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். "பாத்தியா, வாய்ப்புக் கொடுன்னு சொல்றாங்க. அப்ப அவங்களும் அப்படித்தான் கொடுத்திருக்காங்க" என்று பெரியவள் கையைத் தட்டினாள். "தீர்த்துக் கட்டுன்னு சொன்னாங்களே, அது? விட்டுக் கொடுத்தா ஏன் அப்படிச் சொல்லணும்?" என்று சின்னவள் எழுந்தே நின்றுவிட்டாள். ஒரே பாட்டி, ஒரே காட்சி, ஆளுக்கொரு தீர்ப்பு.

இந்தப் படம் மற்ற இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது இந்த இடத்தில்தான். அவை இழந்த பந்தையும் இழந்த அப்பாவையும் திருப்பிக் கொடுத்து நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. இதில் அக்காவும் தங்கையும் கிழவிகளாகிச் சந்தித்துக் கட்டிக்கொள்கிறார்கள், அப்போதும் அந்தப் பந்தைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. தவறி உருண்டுபோன பந்தை ஒரு கறுப்பினப் பெண் எடுத்து, டாட்டியின் தலைக்கு மேலே பின்னால் நிற்பவளின் கையுறை அதிர எறிந்துவிட்டு ஒரு தலையசைப்போடு நடந்து போகிற காட்சியும் இதில்தான் இருக்கிறது. அந்த லீகிலும் அவளுக்கு இடம் இல்லை. அரை நிமிஷம், வசனமே கிடையாது, ஆனாலும் துடைத்து மெழுகவில்லை. இந்தக் கதையே வெளியே வந்ததும் ஒரு குடும்பத்தால்தான். ஹெலன் காலகன், மார்ஜ் காலகன் என்று நிஜமாகவே லீகில் ஆடிய இரண்டு சகோதரிகள், கனடாவின் வான்கூவர்க்காரர்கள். ஹெலனின் மகன் சேர்ந்து எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்துத்தான் பென்னி மார்ஷலுக்கு இந்தப் படம் தோன்றியது.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு அக்கா. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருவரும் டென்னிகாய்ட் ஆடுவோம். ரப்பர் வளையத்தை எறிந்து பிடிப்பது. நாங்கள் ரிங் என்றுதான் சொல்வோம். துணி காயப்போடும் கொடிதான் வலை. அக்கா பள்ளி அணியில் ஆடியவள், மாவட்டப் போட்டி வரைக்கும் போனவள். கை நீட்டினால் வளையம் தானாக வந்து உட்காரும். ஒரே ஒரு தடவைதான் அவளை ஜெயித்திருக்கிறேன். அவள் பிளஸ் டூ முடித்த கோடையில், 21-19. கடைசி வளையம் அவள் விரலில் பட்டுத் தெறித்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உருண்டது. இதை என் மகள்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். விடாமல் முயற்சி செய்தால் ஜெயிக்கலாம் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே உதாரணம் அதுதான்.

அக்கா கையிலிருந்து வளையம் நழுவி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இது எனக்கு உறைக்க முப்பது வருஷமும் ஒரு பேஸ்பால் படமும் தேவைப்பட்டிருக்கிறது.

அக்காவுக்குப் படத்தின் பெயரை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். படம் நன்றாக இருந்தது, அந்தக் குடிகார கோச் நன்றாக நடித்திருக்கிறான் என்றாள். (டாம் ஹாங்க்ஸ். சொன்னால் கோபித்துக்கொள்வார்.) நான் சுற்றி வளைத்து அந்த 21-19க்கு வந்தேன். தொட்டிப் பக்கம் உருண்ட வளையம், ஞாபகம் இருக்கிறதா?

"எந்த ஆட்டம்டி? எத்தனையோ ஆடினோம்."

அவளுக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. என் வாழ்நாள் கோப்பை! சரி, அதை விடு, டாட்டி பந்தை விட்டாளா இல்லையா, அதையாவது சொல் என்றேன்.

"பந்தை விட்டது இருக்கட்டும். அவ்வளவு நல்லா ஆடினவ, அடுத்த வருஷம் ஏன் வரலை?"

கணவன் போரிலிருந்து திரும்பிவிட்டானே, படத்திலேயே சொல்கிறார்களே என்றேன். கோச் கூட அவளைத் தடுத்துப் பேசிப் பார்ப்பான், ஆட்டம் கஷ்டமாகிவிட்டது என்று அவள் சொல்ல, கஷ்டமாக இருப்பதால்தான் அதற்கு மதிப்பு என்று அவன் சொல்வான், அந்தக் காட்சி.

"பாத்தேன். வந்தான், சரி. வந்தா என்ன?"

பிளஸ் டூவுக்குப் பிறகு அக்கா ரிங் ஆடி நான் பார்க்கவில்லை. அடுத்த தை மாதம் கல்யாணம். அந்த வளையத்தை யார் எடுத்து எங்கே வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். அந்த இடைவெளியில் சின்னவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க. விட்டாங்களா, விடலையா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"விடலை."

"விடவே இல்லடா தங்கம். அந்தச் சின்னப் பொண்ணு ஓடி வந்தா பாரு ஒரு ஓட்டம், அதுலதான் ஜெயிச்சா."

சின்னவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடினாள். மாடியிலிருந்து பெரியவளின் குரல் வந்தது.

"உனக்காகச் சொல்றாங்கடி!"